முதல் பக்கத்தில் யார் பேர்? புக்பிளேட்டும் சரபோஜி கையெழுத்தும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதை அப்படியே போடாமல், ரெண்டு தடவை சொன்னதை வெட்டி, படிக்கத் தோதாகக் கொஞ்சம் திருத்தியிருக்கேன். ஆடியோவில் பின்னாடி கேட்கிற ரயில் சத்தம் மட்டும் இதில் கிடையாது. பூதலூரில் ஸ்டேஷன் பக்கத்தில் உட்கார்ந்து ரெக்கார்ட் பண்ணினால் அதைத் தவிர்க்க முடியாது.)

இன்னைக்கு விஷயம் ரொம்பச் சின்னது, ஒரு தீப்பெட்டி அளவு காகிதம்தான். பழைய ஆங்கிலப் புத்தகம் எதையாவது பழைய புத்தகக் கடையில் எடுத்து அட்டையைத் திறந்திருந்தால் பார்த்திருப்பீங்க. அட்டையின் உள்பக்கம் ஒரு படம் ஒட்டியிருக்கும். ஒரு கேடயம், ஒரு மிருகம், இல்லைன்னா மரத்தடியில் ஒருத்தர் படிக்கிற மாதிரி. கீழே ஒரு பேர். பேருக்கு மேலே ‘எக்ஸ் லிப்ரிஸ்’ என்று லத்தீனில் இருக்கும். ‘இன்னாருடைய புத்தகங்களிலிருந்து’ என்று அர்த்தம். இதைத்தான் புக்பிளேட் என்கிறார்கள்.

என் பேர் போட்ட புத்தகம், திருப்பிக் கொடு. அவ்வளவுதானே, இதில் என்ன வரலாறு இருக்குன்னு கேட்கலாம். ஒரு புத்தகம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போச்சு, ஒரு பெரிய சேகரிப்பு எப்படிச் சேர்ந்தது, எப்படிச் சிதறியது என்பதைப் பல நேரங்களில் இந்தத் துண்டுக் காகிதம் மட்டும்தான் சொல்லும். அது கிழிந்தால் அந்தக் கதையும் போச்சு. நம்ம தஞ்சாவூர்க் கதையும் இதில் இருக்கு. முதலில் ஜெர்மனிக்குப் போய்ட்டு வருவோம்.

முள்ளெலியும் தேவதையும்

அச்சு இயந்திரம் ஐரோப்பாவில் வந்தது 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். அதற்கு முன்னாடி புத்தகம் என்றால் கையால் எழுதினது. ஒரு மடத்தில் இருக்கிற பிரதி மாதிரி இன்னொன்று இருக்காது, அதனால் யாருடையது என்ற குழப்பமும் குறைவு. அச்சு வந்ததும் ஒரே மாதிரி நூற்றுக்கணக்கான பிரதிகள். உன்னுடையது எது, என்னுடையது எது? இந்தக் கேள்வி வந்த அதே தலைமுறையில், அதே ஜெர்மன் ஊர்களில் புக்பிளேட்டும் வந்துவிட்டது.

நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய புக்பிளேட்டுகளில் ஒன்று ஒரு முள்ளெலி. அதன் சொந்தக்காரருக்கு இக்லர் என்று பட்டப்பேர். ஜெர்மனில் ‘இகல்’ என்றால் முள்ளெலி. அதனால் வாயில் பூவைக் கவ்விய முள்ளெலியை மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டுவிட்டார். கூடவே, முள்ளெலி உன்னை முத்தமிடும் என்கிற மாதிரி ஒரு கிண்டல் வரி. தொட்டால் குத்தும் என்பதை அவ்வளவு நாசூக்காகச் சொல்லியிருக்கார்.

இன்னொன்று 1480 வாக்கில் வந்தது. பீபராக் ஊர்க்காரர் ஹில்ப்ரான்ட் பிராண்டன்பர்க் தன் புத்தகங்களை மெம்மிங்கென் பக்கத்தில் இருந்த புக்ஸ்ஹைம் மடத்துக்குக் கொடுத்தார். அந்தப் புத்தகங்களில் ஒட்டிய சீட்டில் ஒரு தேவதை கேடயம் பிடித்திருக்கும், கேடயத்தில் ஒரு கருப்பு எருது. மரக்கட்டை அச்சு, மேலே கையால் தீட்டிய வண்ணம். இது யாருடையது, யார் கொடுத்தது என்று மடத்துக்காரர்கள் கையால் ஒரு குறிப்பும் எழுதி வைத்தார்கள்.

நம்ம விஷயத்துக்கு முக்கியமானது அதற்கு அப்புறம் நடந்தது. 1803 வாக்கில் ஜெர்மனியில் மடங்களின் சொத்துகளை அரசுகள் எடுத்துக்கொண்டன. புக்ஸ்ஹைம் நூலகம் தனியார் கைக்குப் போய், கடைசியில் 1883இல் மியூனிக்கில் ஏலம் போனது. 400 வருஷம் ஒரே இடத்தில் இருந்த புத்தகங்கள் பல நாட்டு நூலகங்களுக்குச் சிதறின. இன்னைக்கு ஏதோ ஒரு நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தைத் திறந்ததும் அந்த எருதும் தேவதையும் தெரிந்தால், இது புக்ஸ்ஹைமில் இருந்தது என்று உடனே சொல்லிவிடலாம். இல்லாமல் போன ஒரு நூலகத்தை அப்படித்தான் பட்டியலாகத் திரும்பக் கட்டுகிறார்கள்.

பெரிய ஓவியர்களும் இதைச் சின்ன வேலை என்று ஒதுக்கவில்லை. ஆல்பிரெக்ட் ட்யூரர் தன் நண்பர் வில்லிபால்ட் பிர்க்ஹைமருக்குப் புக்பிளேட் போட்டுக் கொடுத்தார். அதில் இருக்கிற லத்தீன் வாசகத்துக்கு ‘தனக்கும் நண்பர்களுக்கும்’ என்று பொருள். என்னுடையதுதான், ஆனா நீயும் படிக்கலாம். முள்ளெலிக்காரருக்கு நேர் எதிர் ஆள். இங்கிலாந்தில் மர அச்சுக் கலைஞர் தாமஸ் பீவிக், 20ஆம் நூற்றாண்டில் எரிக் கில் என்று வரிசையாகப் பலர் இதைச் செய்தார்கள். செம்புத் தகட்டில் செதுக்கி, அந்தத் தகட்டிலிருந்து சீட்டு சீட்டாக அச்சடிப்பார்கள். ‘பிளேட்’ என்ற பேர் அந்த அச்சு வேலையிலிருந்து வந்ததுதான்.

சேகரித்தவர்கள் செய்த வேலை

19ஆம் நூற்றாண்டில் இது ஒரு பெரிய பொழுதுபோக்காக மாறியது. தபால் தலை சேர்க்கிற மாதிரி புக்பிளேட் சேர்த்தார்கள். 1880இல் இதற்கென்று ஆங்கிலத்தில் ஒரு வழிகாட்டி நூல் வந்தது, எழுதியவர் ஜான் லெஸ்டர் வாரன். 1891இல் லண்டனில் எக்ஸ் லிப்ரிஸ் சங்கம் ஆரம்பித்தார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் வேலை பார்த்த அகஸ்டஸ் ஃபிராங்ஸ் 1897இல் இறந்தபோது அவரிடம் இருந்த புக்பிளேட்டுகள் 30,000க்கும் மேலே. எல்லாம் மியூசியத்துக்குப் போனது. அதன் பட்டியலே மூன்று தொகுதி.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தச் சீட்டுகள் எங்கேருந்து வந்தன? சில, ஒட்டாமல் மிச்சம் இருந்தவை. நிறைய, புத்தகத்திலிருந்து உரித்தவை. அட்டையை ஈரப்படுத்தி, பசை இளகியதும் சீட்டை எடுத்து ஆல்பத்தில் ஒட்டிக்கொள்வது அந்தக் காலச் சேகரிப்பாளர்களிடம் சாதாரணப் பழக்கம். சீட்டு பத்திரமாக இருக்கு. ஆனா அது எந்தப் புத்தகத்தில் இருந்தது? தெரியாது. புத்தகமும் எங்கேயோ இருக்கு. அது யாருடையது? அதுவும் தெரியாது. ரெண்டும் இருந்தும், ரெண்டுக்கும் நடுவில் இருந்த தொடர்பு போச்சு.

கோட் எழுதுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். கிட்-இல் ஒவ்வொரு வரியையும் யார், எப்போ மாற்றினார்கள் என்று பார்க்கலாம். அந்த ஹிஸ்டரியை அழித்து ஃபோர்ஸ் புஷ் பண்ணினால் கோட் ஓடும், ஒண்ணும் உடையாது. ஆனா ஆறு மாசம் கழித்து, இது ஏன் இப்படி இருக்குன்னு யாராலும் சொல்ல முடியாது. புக்பிளேட்டை உரிப்பதும் அதே வேலைதான். சேகரிப்பாளர்களே இதைப் பாசத்தோடு செய்தார்கள் என்பதுதான் வருத்தம்.

பாத்திரத்தில் வெட்டிய பேர்

சரி, நம்ம ஊருக்கு வருவோம். புக்பிளேட் நமக்குப் பழக்கமில்லை. ஆனா அதற்குப் பின்னாடி இருக்கிற எண்ணம் நமக்கு அத்துப்படி. உங்க வீட்டுப் பரணில் இருக்கிற எவர்சில்வர் குடத்தையோ பித்தளை அண்டாவையோ திருப்பிப் பாருங்க. பேர் வெட்டியிருக்கும். யார் கல்யாணம், யார் அன்பளிப்பு, என்ன தேதி. பாத்திரக் கடையில் வாங்கியதும், என்ன பேர் வெட்டணும்னு கேட்பாங்க. பாத்திரம் பந்திக்குப் போய் நாலு வீட்டுப் பாத்திரத்தோடு கலந்தாலும் திரும்பி வரும். அந்தப் பேருக்குரிய பாட்டி போய் முப்பது வருஷம் ஆனாலும், அது அவங்க சீர் என்று பேத்திக்குத் தெரியும்.

கோயிலுக்குப் போனால் டியூப்லைட்டில் ‘உபயம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிக்கிறோம், வெளிச்சத்தை விடப் பேர் பெருசா இருக்குன்னு. ஆனா இந்தப் பழக்கம் ஆயிரம் வருஷத்துப் பழசு, அதுவும் தஞ்சாவூரிலேயே. பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ராஜராஜன் வெட்டச் சொன்ன கல்வெட்டைப் பாருங்க. தன் 26ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010 வாக்கில், தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, தேவியர் கொடுத்தது, மற்றவர் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான். ஒவ்வொரு பொற்பாத்திரமும் எவ்வளவு எடை என்பது வரைக்கும் இருக்கு. எடைக்கல்லுக்கே பேர் உண்டு, ‘ஆடவல்லான்’. அந்தக் கல்லால் நிறுத்தது இவ்வளவு என்று கணக்கு.

அந்தப் பொன் இன்னைக்கு இல்லை. கல்வெட்டு இருக்கு. பொருள் போன பிறகும், என்ன இருந்தது, யார் கொடுத்தது என்று நமக்குத் தெரிவது அந்தக் குறிப்பால்தான்.

புத்தகத்துக்கு வந்தால், ஓலைச்சுவடிக் காலத்திலும் இது உண்டு. சுவடியின் கடைசி ஏட்டில், எந்த ஆண்டு, எந்த மாசம், என்ன கிழமை எழுதி முடித்தது, எழுதினவர் யார், யாருக்காக எழுதினது என்று குறித்து வைப்பார்கள். எல்லாச் சுவடியிலும் இருக்காது. இருக்கிற சுவடி ஆராய்ச்சியாளருக்குப் பொக்கிஷம். ஆனா கடைசி ஏடுதான் முதலில் உடைவதும். கயிறு தளர்ந்தால், பூச்சி அரித்தால், ஓர ஏடுகள்தான் போகும். உள்ளே பாட்டு இருக்கும், யார் வீட்டுப் பிரதி என்பது போயிருக்கும்.

சரபோஜியின் கையெழுத்து

இப்போ இன்னைய நாயகர். இரண்டாம் சரபோஜி, 1777இல் பிறந்தவர். மன்னர் துளஜா தத்தெடுத்த பிள்ளை. அந்தத் தத்து செல்லுமா செல்லாதா என்பதே பெரிய தகராறு. துளஜா இறந்ததும் அவர் தம்பி அமர்சிங் ஆட்சிக்கு வந்தார். சரபோஜியைக் காத்துப் படிக்க வைத்தவர் ஜெர்மானிய பாதிரியார் ஷ்வார்ட்ஸ். கொஞ்ச காலம் சென்னையில் கெரிக்கே பாதிரியாரிடமும் படிப்பு. 1798இல் கம்பெனி ஆதரவோடு அரியணை. அடுத்த வருஷமே, 1799இல், ஒப்பந்தம். நாட்டின் நிர்வாகம் கம்பெனிக்கு, கோட்டையும் சுற்றுப்புறமும் மன்னருக்கு.

22 வயசு. பேர் ராஜா. ஆள நாடு இல்லை, கையில் உதவித்தொகை இருக்கு. இப்படி மாட்டிக்கொண்ட ராஜாக்கள் இந்தியா முழுக்க இருந்தார்கள். இவர் செய்தது என்னன்னா, புத்தகம் வாங்கினார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன் என்று சுமார் 4,500 ஐரோப்பிய நூல்கள். தஞ்சாவூரில் ரெசிடென்டாக இருந்து லண்டன் திரும்பிய பெஞ்சமின் டோரின் அங்கேருந்து புத்தகங்களும் கருவிகளும் அனுப்பிவைத்தார். ஜான்சன் அகராதி, உடற்கூற்று நூல்கள், மனித முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் லெ பிரனின் படங்கள் எல்லாம் அதில் உண்டு. 1820இல் காசி யாத்திரை கிளம்பியவர் அங்கேயும் சுவடிகள் சேர்த்துக்கொண்டு வந்தார்.

அலமாரி அழகுக்கு வாங்கியதும் இல்லை. அரண்மனையில் தேவநாகரி அச்சகம் வைத்து ஈசாப் கதைகளை மராத்தியில் அச்சிட்டார். தன்வந்திரி மகாலில் வைத்தியர்களை வைத்து மருந்துகளைச் சோதித்தார். கண் நோயாளிகளின் சிகிச்சையைப் படத்தோடு குறித்து வைத்தார்கள், அந்த ஏடுகள் இன்னும் இருக்கு. 1826இல் இங்கே வந்த பிஷப் ஹீபர், இந்த ராஜா லவாய்சியேவையும் லின்னேயஸையும் சரளமாக எடுத்துப் பேசுகிறார் என்று வியந்து எழுதியிருக்கார்.

சரஸ்வதி மகாலில் இருக்கிற அந்த ஐரோப்பிய நூல்களில் பெரும்பாலானவற்றில் ஒரு கையெழுத்து இருக்கு. ஆங்கில எழுத்தில், அவர் கையால் போட்ட தன் பேர். புக்பிளேட்டை ஒரு தடவை செதுக்கிவிட்டால் வேலைக்காரர் ஒட்டிவிடுவார். கையெழுத்து அப்படி இல்லை. ஒவ்வொரு புத்தகத்தையும் அவர் கையில் எடுத்து, திறந்து, பேனாவை மையில் தோய்த்து எழுதியிருக்கணும். ஆயிரக்கணக்கான தடவை. 1799 ஒப்பந்தத்தில் நாட்டை விட்டுக்கொடுக்கப் போட்டதும் அதே பேர்தான்.

இதே மனுஷன் 1803இல் பெரிய கோயில் மதிலில் போன்ஸ்லே வம்சத்தின் வரலாறு முழுவதையும் மராத்தியில் கல்வெட்டாக வெட்ட வைத்தார். தத்துப்பிள்ளை, பட்டத்துக்கு உரிமை உண்டா என்று பண்டிதர்கள் வாதம் செய்த ஆள். நான் இன்னார், இந்த வம்சம் என்று ஊர் பார்க்கக் கல்லில் ஒரு தடவை, யாரும் பார்க்காத புத்தக முதல் பக்கத்தில் பல ஆயிரம் தடவை. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எனக்கு அவர் புரிகிறார்.

கோர்ட்டில் செல்லாத கையெழுத்து

சரபோஜி 1832இல் இறந்தார். அவர் மகன் சிவாஜி 1855இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அத்தோடு தஞ்சை ராஜ்யம் முடிந்தது என்றது கம்பெனி. அரண்மனைச் சொத்தையும் சேர்த்துக் கைப்பற்றியது. ராஜாவின் சொந்தச் சொத்து எது, அரசுச் சொத்து எது? ராணி காமாட்சி பாய் விடவில்லை, வழக்குப் போட்டார். அது லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. 1859இல் தீர்ப்பு. கம்பெனி ஓர் அரசாக நின்று செய்த காரியம் இது, இதில் நீதிமன்றம் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இந்தியச் சட்டம் படிக்கிறவர்கள் இன்னைக்கும் இந்த வழக்கைப் படிப்பார்கள். அப்புறம் 1862இல் அரசே குடும்பத்துக்குச் சொத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் கொடுத்தது.

உரிமைக் கையெழுத்து என்பது சட்டத்தின் முன்னால் எவ்வளவு சின்ன விஷயம் பாருங்க. அரசு எடுத்துக்கொள்ளணும்னு முடிவு பண்ணினால், முதல் பக்கத்தில் இருக்கிற பேர் எதையும் தடுக்காது. ஆனா வரலாற்றுக்கு அது போதும். இது சரபோஜி வாங்கியது, இது நாயக்கர் காலத்திலிருந்து இருக்கிற சுவடி, இது பின்னாடி வந்தது என்று பிரித்துச் சொல்ல அதுதான் ஆதாரம். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல் அரண்மனையின் சம்ஸ்கிருதச் சுவடிகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்தார், 1880இல் வந்தது. 1918இல் நூலகம் பொதுமக்களுக்கானது. லாண்டகே, காகல்கர் என்று ஊரில் இருந்த குடும்பங்களும் தங்கள் சேகரிப்பைக் கொடுத்தார்கள். கொடுத்தவர் பேர் காணாமல் போகவில்லை, அந்தத் தொகுப்புகளோடு சேர்ந்தே நிற்கிறது.

பூதலூரில் இருந்து அரை மணி நேர ரயில், அங்கேருந்து அரண்மனைக்கு ஒரு ஆட்டோ. நூலகத்தோடு சேர்ந்த சின்னக் காட்சிக்கூடம் இருக்கு. கண்ணாடிக்குள்ளே லெ பிரன் படங்களைப் பார்க்கிறவர்கள், பக்கத்தில் இருக்கிற பழைய புத்தகங்களையும் ஒரு நிமிஷம் நின்று பாருங்க.

பேரைச் சொன்ன ஐயர், பேராகவே ஆன முத்தையா

சிவாஜி இறந்த அதே 1855இல்தான், அதே தஞ்சை ஜில்லாவில் உ.வே. சாமிநாதையர் பிறந்தார். அவர் ஏடு தேடி அலைந்த கதை எல்லாருக்கும் தெரியும். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் போய்க் கேட்டால், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்று சொன்னதும் தெரியும். அதிகம் பேசாத ஒரு விஷயம் இருக்கு. சீவக சிந்தாமணி 1887, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894 என்று வரிசையாகப் பதிப்பித்தார் இல்லையா, அந்தப் பதிப்புகளின் முன்னுரையில், எந்தப் பிரதி எந்த ஊரில் யாரிடமிருந்து கிடைத்தது என்று பேர் சொல்லி எழுதுவார். மடம், மிராசுதார், கவிராயர் வீடு, வாத்தியார் என்று எல்லாப் பேரும் வரும். அந்த ஏட்டில் பேர் இல்லாமல் இருந்திருக்கலாம், அச்சில் அவர் ஏற்றிவிட்டார். ஒவ்வொரு சுவடிக்கும் அவர் போட்ட புக்பிளேட் என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தவர் ரோஜா முத்தையா. செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர். மதுரையில் விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியராக இருந்தார். எழுத்தின் அழகு தெரிந்த கை. ஊருக்குத் திரும்பி வாழ்நாள் முழுக்கப் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாண அழைப்பிதழ் என்று சேர்த்தார். யாரும் நூலகத்தில் வைக்கத் தகுதி என்று நினைக்காததை எல்லாம் சேர்த்ததுதான் அவர் பெருமை. 1992இல் இறந்தபோது சுமார் ஒரு லட்சம் உருப்படிகள். ஏலத்தில் பிரிந்து போயிருக்க வேண்டியது. சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தமாக வாங்கி, ஆனா வெளியே எடுத்துப் போகாமல், சென்னையிலேயே நூலகமாக்கியது. அதன் பேர் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஒரு லட்சத்துக்கும் சேர்த்து ஒரே பேர். மறைமலையடிகளின் சுமார் 4,000 நூல்கள் அவர் பேரிலேயே நூல்நிலையமாக நிற்பதும் இப்படித்தான்.

பைண்டிங் கடைக்காரர் எழுதிய பேர்

பெரிய ஆட்கள் கதை போதும். நம்ம டெல்டா வீடுகளில் இதற்கு இன்னொரு வடிவம் இருந்தது. கல்கியில் பொன்னியின் செல்வன் 1950இலிருந்து வாராவாரம் வந்தபோது, அத்தியாயங்களைக் கிழித்து வரிசையாகச் சேர்த்து, பைண்டிங் கடையில் கொடுத்துப் புத்தகமாக்கினார்கள். முதுகில் கதையின் பேர், கீழே வீட்டுக்காரர் பேரோ இனிஷியலோ. உள்ளே ஓவியர் மணியம் வரைந்த படங்கள், நடுவில் அந்த வாரத்துச் சோப்பு விளம்பரம். இன்னைக்கு அந்த பைண்டுக்குப் பழைய புத்தகச் சந்தையில் தனி மரியாதை. யாரும் அச்சிடாத, ஒரு வீடு தயாரித்த புத்தகம் அது.

இதில் பலதின் முதல் தாளில் பேரோடு ஊரும் எழுதியிருக்கும். சிலதில் பட்டியலே இருக்கும், யாருக்கு எப்போ கொடுத்தது, திரும்பி வந்ததா என்று. ஒரு தெருவில் யார் யார் என்ன படித்தார்கள் என்பதற்கு வேறு எந்த ஆவணமும் கிடையாது. முக்கியமா பெண்கள். பள்ளிக்கூடம் போகாத, எந்த நூலகத்திலும் உறுப்பினராக இல்லாத பெண்களின் பேர் இந்தக் கடன் பட்டியலில் வரும். நம்ம வீட்டுப் பாட்டிகள் வாசகர்களாக இருந்தார்கள் என்பதற்கு எழுத்தில் இருக்கிற சாட்சி பல வீடுகளில் இது மட்டும்தான்.

நூலகங்களுக்கும் ஒரு தந்திரம் உண்டு. முதல் பக்கத்தில் முத்திரை குத்தினால் திருடுகிறவன் கிழித்துவிடுவான். அதனால் உள்ளே ஏதோ ஒரு குறிப்பிட்ட எண் பக்கத்தில், எல்லாப் புத்தகத்திலும் அதே பக்கத்தில், இன்னொரு முத்திரை. ரகசியப் பக்கம் என்பார்கள். பழைய புத்தகம் வாங்கினால் நடுவில் புரட்டிப் பாருங்க, ஊதா மையில் ஏதோ ஒரு ஊர் மாட்டும்.

இப்போ என்ன பண்ணலாம்

இதை ஏன் இன்னைக்குப் பேசணும்? ஃபிராங்ஸ் காலத்துச் சேகரிப்பாளர்கள் ஈரத்துணியால் செய்ததை நாம் இப்போ ஸ்கேனரால் செய்கிறோம். பழைய தமிழ் நூல்களின் ஸ்கேன்களைப் பாருங்க. சிலதில் அட்டை இருக்காது. எழுத்து இல்லாத முன் தாள்கள் இருக்காது. யாரோ எழுதிய பேரை, அழுக்கு என்று நினைத்து மென்பொருளில் வெள்ளையாக்கியிருப்பார்கள். உள்ளடக்கம் சுத்தமாக வந்துவிடும், அந்தப் பிரதி யாருடையது என்பது போய்விடும். கூடவே, ஸ்கேன் பண்ணியாச்சே என்று மூலத்தை எடைக்குப் போடுகிற வீடுகளும் இருக்கு. அப்புறம் அந்தப் பேர் எங்கேயுமே இல்லை.

அதனால் கேட்கிறவர்களிடம் சில வேண்டுகோள். ஸ்கேன் பண்ணினால் அட்டையின் உள்பக்கம், வெற்றுத் தாள், கடைசிப் பக்கத்துக் கடை முத்திரை எல்லாவற்றையும் சேர்த்து எடுங்க. பத்து நிமிஷம்தான் கூட ஆகும். ஃபைலின் விவரத்தில் ஒரு வரி சேருங்க, இன்னாருடைய பிரதி, இன்ன ஊரில் கிடைத்தது என்று. பைண்டிங்குக்குக் கொடுக்கும்போது முன் தாள்களை எடுக்காதீங்கன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. சொல்லலைன்னா அழகா இருக்கட்டும்னு புதுத்தாள் போட்டுக் கொடுத்துடுவாங்க. பழைய பேர் இருந்தால் மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீங்க, செலோ டேப் வேண்டவே வேண்டாம், அது பத்து வருஷத்தில் தாளைப் பழுப்பாக்கிப் பெயர்ந்துவிடும்.

உங்க சொந்தப் புத்தகத்துக்கும்தான். பேர், ஊர், தேதி, எங்கே வாங்கினது அல்லது யார் கொடுத்தது. பென்சிலில் எழுதினால் போதும், தாளுக்குக் கெடுதல் இல்லை. படம் வரையத் தெரிந்தால் சின்னதா ஒரு புக்பிளேட்டே போடுங்க. முள்ளெலி மாதிரி எச்சரிக்கணுமா, பிர்க்ஹைமர் மாதிரி நண்பர்களையும் சேர்த்துக்கணுமா என்பது உங்க இஷ்டம். கடன் கொடுத்துத் திரும்பி வராத புத்தகங்களை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்க.

உங்க வீட்டில் இருக்கிற பழைய புத்தகத்தில் கையால் எழுதிய பேர், கடன் பட்டியல், கடை முத்திரை ஏதாவது இருந்தால் படம் எடுத்து அனுப்புங்க. குடும்பத்தில் கேட்டு, அவர்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும். நல்லா சேர்ந்தால் அதை வைத்தே ஒரு எபிசோட் பண்ணலாம். அடுத்த எபிசோட் கல்லணைக் கால்வாய். பூதலூர் வழியாகப் போகிற அந்தத் தண்ணீர் எப்படி இந்தப் பக்கம் வந்தது, அதற்கு முன்னாடி இங்கே என்ன விளைந்தது என்று பேசுவோம்.